முதலில் குழி இருக்கிறதா பாருங்கள்: புற்களை அடையாளம் காணும் பிராக்டிகல் அனுபவம்

நேற்று மதியம் ரிசல்ட் வந்தது. டாக்ஸானமி (தாவர வகைப்பாட்டியல்) பிராக்டிகலில் தேறிவிட்டேன். போன வருடம் இதே பேப்பரில் போனவள் நான். அடுத்து எழுதப் போகிறவர்களுக்காகச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

போன முறை என்னைக் கவிழ்த்தது ஒரே ஒரு புல். உச்சியில் விரல் விரித்ததுபோல நான்கைந்து கதிர், லேசான ஊதா நிறம், கணுவில் கொஞ்சம் முடி. பார்த்ததும் டைகாந்தியம் அன்யுலேட்டம் என்று எழுதிவிட்டேன். அது பொத்ரியோகுளோவா பெர்ட்யூசா. இரண்டும் ஆண்ட்ரோபோகனே என்ற புல் கூட்டம், இரண்டும் நம் ஊர்ப் பல்லாண்டுப் புல். சென்னையில் காலி மனைகளிலும் ரயில் பாதை ஓரத்திலும் இரண்டையும் பார்க்கலாம். லென்ஸ் பையிலேயே இருந்தது, எடுக்கவில்லை. அதை நினைத்து ஒரு வருடம் வருந்தினேன்.

இந்தக் கூட்டத்தில் ஸ்பைக்லெட்டுகள் (கதிரில் இருக்கும் சிறு பூத்தொகுப்புகள்) ஜோடி ஜோடியாக இருக்கும். ஒன்றுக்குக் காம்பு உண்டு, மற்றதற்கு இல்லை. காம்பில்லாததின் கீழ் குளூமை, அதாவது ஸ்பைக்லெட்டின் அடியில் இருக்கும் இரண்டு செதில்களில் கீழே உள்ளதை, லென்ஸில் பாருங்கள். முதுகில் ஊசியால் குத்தியதுபோல ஒரு குழி இருந்தால் அது பெர்ட்யூசா. லத்தீனில் அந்தச் சொல்லுக்கே துளைபட்டது என்றுதான் பொருள். பழைய ஹெர்பேரியம் ஷீட்டில் (உலர்த்தி ஒட்டிய செடித் தாளில்) குழி மங்கித் தெரிந்தால், காம்புள்ள ஸ்பைக்லெட்டின் காம்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுவில் கண்ணாடிபோல ஒரு கோடு ஓடினால் பொத்ரியோகுளோவா, கெட்டியாக இருந்தால் டைகாந்தியம். இந்த இரண்டு வரியும் கையில் இருந்திருந்தால் நான் மறுபடி எழுதியிருக்கவே வேண்டாம்.

அதற்காகக் கதிர் விரிந்த புல் எல்லாம் இந்தக் கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அருகம்புல்லும் குளோரிஸும் அப்படித்தான் விரியும், ஆனால் இரண்டும் குளோரிடாய்டே என்ற வேறு துணைக்குடும்பம். அவற்றில் ஜோடி கிடையாது, தண்டின் ஒரே பக்கத்தில் இரண்டு வரிசையாக ஸ்பைக்லெட் அடுக்கியிருக்கும். அருகுக்கு மீசை (ஸ்பைக்லெட்டிலிருந்து நீளும் முடிபோன்ற இழை) இல்லை, குளோரிஸுக்கு உண்டு.

இந்த முறை எந்த ஸ்பாட்டர் (அடையாளம் காண வைக்கும் மாதிரி) வந்தாலும் இந்த வரிசையில்தான் பார்த்தேன்:

- அடிப்பகுதி. போன வருடத்து இலையடிகள் காய்ந்து ஒட்டியிருக்கிறதா, கிழங்குத் தண்டு உண்டா, பூக்காத தளிர்கள் உண்டா? இருந்தால் பல்லாண்டு.
- ஸ்பைக்லெட் எங்கே உடைகிறது? விரலால் தேய்த்துப் பாருங்கள். குளூமோடு சேர்ந்து விழுந்தால் பானிகாய்டே, ஆண்ட்ரோபோகனே அடங்கும் துணைக்குடும்பம். அருகு, குளோரிஸில் குளூம் செடியிலேயே நிற்கும்.
- ஜோடியா, தனியா?
- லிக்யூல், அதாவது இலை தண்டைவிட்டு விரியும் இடத்தில் உள்பக்கம் இருப்பது. சவ்வா, முடி வரிசையா?
- பெயர் கடைசியில்தான். அதுவரை பேனாவைத் தொடாதீர்கள்.

ஊசிப்புல்லில், அதாவது ஹெட்டிரோபோகன் கன்டார்ட்டஸில், கதிரின் அடியில் இருக்கும் ஜோடிகளுக்கு மீசையே இருக்காது. மேலே உள்ளவற்றில்தான் கறுப்பாக முறுக்கிய மீசை. கீழே மட்டும் பார்த்துவிட்டு வேறு புல் என்று முடிவு கட்டாதீர்கள். வைவாவில் வெட்டிவேர் நிச்சயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ரெக்கார்டு நோட்டில் வெட்டிவேரியா என்றுதான் இருக்கும், இப்போது கிரைசோபோகன் சிசனியாய்டிஸ் என்று சொல்லுங்கள்.

அப்புறம், கூட்டமாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது. ஆறு பேர் ஒரே புல்லைச் சுற்றி நின்றால் முதலில் வாய் திறப்பவர் சொன்ன பெயர்தான் எல்லோர் மனதிலும் ஒட்டிக்கொள்கிறது. காலை ஆறு மணிக்குப் புல் பார்க்கத் தனியாகப் போங்கள். வடகிழக்கு மழை பிடித்த பிறகு, ஐப்பசி முதல் தை வரை நன்றாகப் பூத்திருக்கும். பங்குனியில் தேடினால் வைக்கோல்தான். ராவணன் மீசை என்ற புல்லுக்குக் கோவளம் பக்கம் கடற்கரை மணலுக்குப் போங்கள். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு, இரண்டையும் வரைந்துகொள்ளுங்கள். கிண்டி தேசியப் பூங்காவுக்குள் எதையும் பறிக்கக் கூடாது, பார்த்துவிட்டு வரலாம்.

வேரோடு எடுங்கள். வேரில்லாத ஷீட்டில் பல்லாண்டா ஓராண்டா என்று சொல்லவே முடியாது. என் பழைய ஷீட்டுகளில் பாதி அப்படித்தான் வீணாயின.

பத்து மடங்கு லென்ஸ் ஒன்றைச் சொந்தமாக வாங்கி, கயிறு கட்டிக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பையில் வைக்காதீர்கள்.