ஆறுக்கு எட்டு

அக்டோபர் 4

படத்துக்குச் சாத்துக்குடி ஒன்று, எவர்சில்வர் டம்ளர் ஒன்று. கொய்யாவை எடுத்துவிட்டேன். மூன்று பொருள் வைத்தால் மூன்றாவது எப்போதும் சண்டைக்கு வருகிறது.

பலகை, ஆசாரி கழித்துப் போட்ட எம்.டி.எஃப் துண்டு, மரநாரை அழுத்திச் செய்தது. 6-க்கு 8 அங்குலம். ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு மூன்று கை பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்தது. பெரிதாக ஏன் போடுவதில்லை என்று கேட்பவர்களுக்குப் பதில் இப்போதுதான் கிடைத்திருக்கிறது. ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை இவர் தூங்குகிறார். அதற்குள் அடங்க வேண்டும்.

இவர் ரிப்போர்ட் வரப் பத்து நாள் என்றார்கள். நேற்றிலிருந்து எண்ணினால் இன்று இரண்டு.

அக்டோபர் 5

மழை இருட்டு. தொடவில்லை.

அக்டோபர் 6

எவர்சில்வருக்கென்று சொந்தமாக ஒரு நிறம் கிடையாது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு காலைப்பொழுது போயிற்று. சாம்பல்தானே என்று அல்ட்ராமரின் நீலத்தில் பர்ன்ட் அம்பர் பழுப்பைக் கலந்து, வெள்ளை சேர்த்துப் பூசினேன். சிமென்ட் குழாய் மாதிரி வந்தது. வழித்துப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். இடது பக்கம் ஜன்னல், வளைந்து. கீழே சாத்துக்குடியின் பச்சையும் மஞ்சளும், நசுங்கி. நடுவில் கறுப்பாக, நூல் மாதிரி இழுபட்டு, நான். வலது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை வெளிறிய கோடு ஒன்று. அது என்னவென்று தெரியவில்லை.

போனில் பிரெஞ்சு ஓவியர் ஷார்தனின் வெள்ளிக் குவளைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 1768 வாக்கில் போட்டது, பாரிஸ் லூவ்ர் மியூசியத்தில் இருக்கிறது. மூன்று ஆப்பிள், இரண்டு செஸ்ட்நட் கொட்டை, ஒரு கிண்ணம். தேடித் தேடிப் பார்த்தாலும் குவளையில் வெள்ளி இல்லை. பழுப்பு, கறுப்பு, ஆப்பிளின் சிவப்பு, ஓரிடத்தில் வெள்ளைத் தீற்றல். அவ்வளவுதான். தள்ளி நின்றால் வெள்ளி! இந்த மனுஷனுக்குக் கடைசிக் காலத்தில் கண் கெட்டு, எண்ணெய் வண்ணத்தை விட்டுப் பாஸ்டல் வண்ணக்கட்டிக்குப் போக வேண்டியிருந்தது. வண்ணத்தில் இருந்த ஈயம்தான் காரணம் என்கிறார்கள்.

அந்தக் கோடு என்ன?

அக்டோபர் 7

உள்ளறைக் கதவு. பாதி திறந்திருந்தால் இவர் கட்டில் பக்கத்து வெளிச்சம் இடுக்கு வழியாக வந்து டம்ளரில் விழுகிறது. மூடினால் இல்லை. எழுந்து போய் இரண்டு தடவை மூடித் திறந்து பார்த்தேன். "என்ன பண்றே?" என்றார். காற்று என்றேன்.

அக்டோபர் 8

"பெட்ரோல் பங்க்ல படுத்திருக்கிற மாதிரி இருக்கு." இதைச் சொல்லவே மூன்று தடவை மூச்சு வாங்கினார். சரி, டர்பன்டைன் இனிமேல் வீட்டுக்குள் கிடையாது. பிரஷ்ஷைக் கடலை எண்ணெயில் அலசி, துணியில் துடைத்து, பார் சோப்பில் கழுவினேன். நன்றாகவே போகிறது. இத்தனை வருஷம் இது தோன்றாமல் போயிற்றே.

ராத்திரி பத்து மணிக்குத் திடீரென்று விழித்துக்கொண்டேன். வண்ணத்தில் கலக்கும் லின்சீட் எண்ணெய் பட்ட துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். அந்த எண்ணெய் காற்றை இழுத்துத்தான் இறுகும், இறுகும்போது சூடாகும், சுருட்டிக் கிடந்தால் தானாகவே தீப்பிடிக்கும். இவருக்கு அதில் பெரிய பயம். தினமும் என் பின்னாலேயே வந்து ஒவ்வொரு துணியாக விரித்துக் கொடியில் போடுவார். நான் கிண்டல் செய்வேன். இருட்டில் போய்த் தொட்டுப் பார்த்தால் துணி வெதுவெதுப்பாக இருந்தது. அல்லது எனக்கு அப்படி இருந்தது. கொடியில் போட்டுவிட்டு வந்தேன். அதற்கப்புறம் தூக்கமில்லை.

அக்டோபர் 9

துணி கொடியில்.

அக்டோபர் 10

நாத்தனார் போன். "அண்ணி, இந்த நேரத்துல படமாமே?" ஆமாம் என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. குக்கர் கூப்பிட்டது, வைத்துவிட்டேன்.

அக்டோபர் 11

ஆயுத பூஜை. பிரஷ், டியூப், கத்தி எல்லாம் துடைத்துப் பொட்டு வைத்து சுவாமி முன்னால் போய்விட்டன. டம்ளரும் பழமும் மேசையிலேயே இருக்கின்றன. நகர்ந்துவிடக் கூடாதென்று சுற்றிலும் சாக்பீஸால் கோடு கிழித்திருக்கிறேன்.

"டம்ளருக்குப் பொட்டு வெச்சியா?" என்றார். பதினைந்து நாளில் முதல் கிண்டல். சுண்டலை மசித்துக் கொடுத்தேன், இரண்டு ஸ்பூன்.

அக்டோபர் 12

விஜயதசமி. தொட்டேன், வந்தது. நிழலுக்கு மஞ்சளில் கறுப்பைக் கலந்தால் பச்சையாகிவிடும், பாசி பிடித்த பழம் மாதிரி. ஊதா ஒரு துளி, அம்பர் கொஞ்சம். தோலிலுள்ள குழிகளைப் போடவே இல்லை. வெளிச்சமும் நிழலும் சேரும் ஓரத்தில் நாலைந்து புள்ளி வைத்தேன், மீதியைக் கண்ணே போட்டுக்கொள்கிறது. பதினொன்றே காலுக்குத்தான் மணி பார்த்தேன். இவர் விழித்துக்கொண்டு, கூப்பிடாமல் படுத்திருந்திருக்கிறார்.

அக்டோபர் 13

பத்து நாள் ஆயிற்று. இன்றைக்குப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை.

அக்டோபர் 14

"நாளைக்குக் கூப்பிடுங்க."

அக்டோபர் 15

காலையிலிருந்து கொட்டுகிறது. பத்தரைக்குக் கூப்பிட்டு, சாத்துக்குடி ஜூஸ் வேண்டும் என்றார். மூன்று நாளாகக் கஞ்சிகூட வேண்டாம் என்றவர். பழக்கூடையில் கொய்யாதான் கிடந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர், கடை திறந்திருக்காது. திரும்பிப் பார்த்தால் மேசையில் அது.

படத்தில் அதற்கு இன்னும் வலது பக்கம் வரவில்லை. ஒரு நிமிஷம் நின்றேன். நின்றேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

பதினோரு நாள் வெளியே கிடந்தும் உள்ளே சாறு இருந்தது. விதை எடுத்து, இரண்டு தடவை வடிகட்டினேன். எந்த டம்ளரில் ஊற்றினேன் என்பது கொடுத்த பிறகுதான் உறைத்தது. நான்கு மடக்கு. நான்காவது மடக்குக்குக் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்து, அப்புறம் விழுங்கினார். "புளிப்பே இல்லை" என்றார்.

டம்ளரைக் கழுவிச் சாக்பீஸ் வட்டத்துக்குள் வைத்தேன். எந்தப் பக்கம் ஜன்னலைப் பார்த்திருந்தது என்று தெரியவில்லை. விளிம்பில் ஒரு நெளிசல் உண்டு, அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

போன் செய்ய மறந்துவிட்டேன்.

அக்டோபர் 16

புதுப் பழம் ஒரே பச்சை. இது அது இல்லை. பிரெஞ்சு ஓவியர் செஸான் மெதுவாகப் போடுகிறவர், பூ வாடிவிடுகிறதென்று காகிதப் பூ வைத்துக்கொண்டாராம். இத்தாலிக்காரர் மொராண்டி இன்னும் சாமர்த்தியசாலி. பொலோனியாவில் ஒரே அறையில், மூன்று தங்கைகள் பக்கத்தில் இருக்க, புட்டி, ஜாடி, டப்பா என்று அதே சாமான்களையே வருஷக்கணக்காகப் போட்டார். பளபளப்பு தொந்தரவு என்று புட்டிகளுக்கே பெயின்ட் அடித்துவிட்டார். தூசியையும் துடைக்க மாட்டார். அவருடைய புட்டியில் யார் கதவும் தெரியாது.

அக்டோபர் 18

இல்லை.

அக்டோபர் 19

பீரோவிலிருந்த பழைய படங்களை எடுத்தேன். பதினோரு படம். வெள்ளையெல்லாம் மஞ்சள் பூத்திருக்கிறது. இருட்டில் கிடந்தால் லின்சீட் எண்ணெய் அப்படித்தான் ஆகும், வெளிச்சத்தில் வைத்தால் பெருமளவு தெளியும். திண்ணையில் வரிசையாகச் சாய்த்து வைத்தேன். பால்காரர் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு, பூண்டுப் படம் என்ன விலை என்றார். உரித்த பூண்டுக்கா உரிக்காததற்கா என்று கேட்க வாய் வந்தது.

இவருக்கு ஒன்று வேண்டுமாம். நாலு வருஷத்துக்கு முன்னால் போட்ட எலுமிச்சை. நிழல் தப்பு, பழம் மிதக்கும். அதைத்தான் கேட்டார். கட்டில் பக்கத்தில் மாத்திரை டப்பாவில் சாய்த்து வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 20

வெள்ளை தீரப்போகிறது. இங்கே கடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வாட்டர் கலர்தான் இருக்கிறது.

அக்டோபர் 21

அவர்களே கூப்பிட்டார்கள். போனில் சொல்லக் கூடாதாம். நாளைக்குப் பத்து மணிக்கு நேரில். கூட ஆண்பிள்ளை யாராவது வருவார்களா என்று கேட்டாள் அந்தப் பெண். நான் வருவேன் என்றேன்.

மேசைப் பக்கம் போகவில்லை. துணி எதுவும் நனையவில்லை, இருந்தாலும் கொடியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 22

போய்விட்டு வந்தோம்.

அக்டோபர் 23

வெள்ளை டியூபின் வாலைக் கத்தரித்து, உள்ளே ஒட்டியிருந்ததை வழித்தேன். கோட்டைப் போட்டேன். ஒரே இழுப்பு, திரும்பத் தொடவில்லை. சுத்த வெள்ளையாக இருக்கக் கூடாது, கொஞ்சம் மஞ்சள் வேண்டும், அங்கே குண்டு பல்பு எரிகிறது. கதவை இவரே முழுதாகத் திறக்கச் சொல்லிவிட்டார். அதனால் கோடு பட்டையாகிவிட்டது. நான் பழைய கோட்டைத்தான் போட்டேன்.

சாத்துக்குடியின் வலது பக்கம் வெறும் ஜெஸ்ஸோவாக இருக்கிறது. நினைவிலிருந்து போட்டுவிடலாம். போடவில்லை.

அக்டோபர் 24

பை கட்டுகிறேன். இரண்டு வேட்டி, துண்டு, பிளாஸ்க், பழைய ரிப்போர்ட்டெல்லாம் ஒரே உறையில். எலுமிச்சைப் படத்தை நியூஸ்பேப்பரில் சுற்றியாயிற்று. குடிக்க டம்ளர் என்று அடுக்களையிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டேன். படுத்தபடியே எடுத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். அது இல்லையாம். மேசையில் இருக்கிறதுதான் வேண்டுமாம்.