சாவி பாக்கெட்டில் இருந்தாலும் கரண்ட் வரும்

பைக்கின் ஸ்பார்க் பிளக் கேப்பைக் கழற்றி, ஒயரை இன்ஜின் ஹெட்டுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு கிக்கரை மிதித்து "கரண்ட் வருதா" என்று பார்ப்பது சி.பி. பாயிண்ட் (திறந்து மூடி ஸ்பார்க் கொடுக்கும் பழைய முறை) காலத்துப் பழக்கம். பொள்ளாச்சியில் என் ஒர்க்‌ஷாப்புக்கு வேலை பழக வருகிற பையன்களிடம் முதலில் விடச் சொல்வது அதைத்தான். சி.டி.ஐ. (ஸ்பார்க்குக்குக் கரண்ட்டைச் சேர்த்து வைத்து அனுப்பும் எலெக்ட்ரானிக் பெட்டி) வண்டியில் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டரே 200 முதல் 400 வோல்ட் வரை ஏறும். எச்.டி. காயில் அதை இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேலே தூக்கிவிடும். பாய இடம் கிடைக்காவிட்டால் அது காயிலின் இன்சுலேஷனையோ சி.டி.ஐ.யையோ பதம் பார்க்கும். இல்லையென்றால் உங்கள் கையை. ஷாக் அடிப்பதைவிட, உதறுகிற வேகத்தில் கை சூடான சைலன்சரில் போய்ப் படுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த வேலைக்குக் கிட்டவே வரக் கூடாது.

ஒருநாள் ஒயரிங் வேலைக்கு ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் நின்றது. தம்பி ஒருவன் பிளக் கேப்பில் கை வைத்திருந்தான். இன்னொருவன் கிக்கரை அழுத்த, முன்னவன் அலறிவிட்டான்.

"சாவி என் பாக்கெட்லதானுங்ணா இருக்குது!"

இருக்கட்டும் கண்ணு. அந்த வண்டியின் சி.டி.ஐ.க்குப் பேட்டரி தேவையே இல்லை. இன்ஜினோடு மேக்னட் சுற்றினால் போதும், அதுவே கரண்ட் தரும். சாவியை ஆஃப் செய்தால் சி.டி.ஐ.யிலிருந்து வரும் ஒரு ஒயர் பாடியில் எர்த் ஆகும், அதனால்தான் இன்ஜின் நிற்கிறது. சாவி சுவிட்ச் கப்ளரையே (ஒயர்களைச் சேர்க்கும் சொருகி) பிடுங்கி வைத்திருந்தால்? எர்த் போச்சு, வண்டி ஆன். டி.சி. சி.டி.ஐ. வண்டியில் இது நேர் எதிர்: பேட்டரி கரண்ட் சாவி வழியாகப் போனால்தான் ஸ்பார்க். அங்கே ஃபியூஸைப் பிடுங்கினால் நிம்மதி. எந்த வகை என்று ஒயரிங் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

சரி, ஸ்பார்க்கை எப்படிப் பார்ப்பது? நல்ல பிளக் ஒன்றைக் கேப்பில் மாட்டுங்கள். அதன் மரையை கிளிப் ஒயர் போட்டு இன்ஜின் பாடியோடு சேருங்கள், கையால் பிடிக்க வேண்டாம். பிளக் ஓட்டையைப் பழைய பிளக் போட்டு மூடிவிடுங்கள். திறந்திருந்தால் பெட்ரோல் ஆவி வெளியே பீய்ச்சும், பக்கத்திலேயே பொறி. டூ-ஸ்ட்ரோக்கில் தீப்பிடிக்க அதுவே போதும். டேங்க்குக்குக் கீழே இருக்கும் பெட்ரோல் காக் வால்வையும் அடைத்துவிடுங்கள். பெட்ரோலில் கழுவின கார்புரேட்டர் தட்டு பக்கத்தில் இருந்தால் அதையும் தள்ளி வையுங்கள். எங்கள் ஊர் ஒர்க்‌ஷாப்களில் அது எப்போதும் காலடியில்தான் கிடக்கும்.

2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகள் பெரும்பாலும் எஃப்.ஐ., அதாவது கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வைத்தவை. அவற்றில் இன்ஜினைச் சுற்றினால் இன்ஜெக்டரும் பெட்ரோலை அடிக்கும். சாவியை ஆஃப் செய்து, இன்ஜெக்டர் கப்ளரைக் கழற்றிவிட்டு, பிறகு சாவியை ஆன் செய்துதான் ஸ்பார்க் பார்ப்பது. கப்ளரை மறுபடி மாட்டும்போதும் சாவி ஆஃபில் இருக்க வேண்டும்.