கலர் டிரஸ்ஸும் கழுத்து லேபிளும்

திருப்பூரில் குழந்தைகள் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர் எடுப்பது முதல் சரக்கு அனுப்புவது வரை கவனிக்கிறவளாக, வேலை பார்க்கிறேன். அதனால் சொந்தத்திலோ பழைய தோழிகளிலோ யாருக்குக் குழந்தை பிறந்தாலும் எனக்கு ஒரு போன் வந்துவிடும். "எந்த பிராண்ட் எடுக்கலாம், நீ சொன்னா சரியா இருக்கும்." துணியைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்துப் பதில் சொல்லத் தொடங்கினால், கொஞ்ச நேரத்தில் பேச்சு வேறு பக்கம் போய்விடும். மாமியார் என்ன சொல்வார், அபார்ட்மெண்டில் மற்ற பிள்ளைகள் என்ன போடுகிறார்கள், விசேஷத்துக்கு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள். பிள்ளைக்கு எடுக்கும் பிராண்டைப் பார்த்தால் பெற்றவர்களின் வருமானம் தெரியும், ரசனை தெரியும் என்று சொல்வார்கள். எனக்கு அதைவிடத் தெளிவாகத் தெரிவது, அவர்கள் யார் கண்ணுக்குப் பயப்படுகிறார்கள் என்பதுதான்.

துணி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "எல்லா பிராண்டும் ஒன்றுதான், லேபிளுக்குத்தான் காசு" என்று சொல்கிறவர்களோடும் நான் முழுதாக ஒத்துப்போக மாட்டேன். பெரிய பையர்கள், அதாவது ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பிராண்டுகள், குழந்தைத் துணியில் கேட்கும் பரிசோதனைகள் உண்மையிலேயே கடுமையானவை. ஐரோப்பிய பையர்கள் பலருக்கு, அழுத்தி மாட்டும் ஒரு ஸ்னாப் பட்டனை 90 நியூட்டன் விசையில் (கிட்டத்தட்ட ஒன்பது கிலோ எடையைத் தொங்கவிட்ட மாதிரி) 10 விநாடி இழுத்துப் பிடித்தாலும் அது கழன்று வரக் கூடாது. வந்தால் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். ஐரோப்பாவுக்குப் போகும் சின்னக் குழந்தைச் சட்டையில் தொப்பிக்குக் கயிறு வைக்கவே முடியாது, சறுக்குமரத்திலோ கதவிலோ மாட்டிக் கழுத்தை இறுக்கிவிடும் என்பதால். அமெரிக்காவுக்குப் போகும் பைஜாமா உடம்போடு ஒட்டினாற்போல இருக்கும், இல்லையென்றால் எளிதில் தீப்பிடிக்காத துணியில் தைக்க வேண்டும் என்பது அந்த ஊர்ச் சட்டம். (அந்த பைஜாமா இங்கே பஜாரில் கிடைக்கும்போது "சைஸ் சின்னதாத் தெச்சுட்டாங்க" என்று நம் அம்மாக்கள் ஒரு சைஸ் பெரிதாக எடுப்பார்கள்.) தையல் லைனில் ஒரு ஊசி உடைந்தால் அந்த மெஷின் அப்படியே நிற்கும். உடைந்த துண்டுகளை எல்லாம் தேடிப் பொறுக்கி, ஒன்று சேர்த்து முழு ஊசியாகிறதா என்று பார்த்து, தேதியும் மெஷின் நம்பரும் எழுதி ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டுவோம். ஊசி முனை அளவு துண்டு ஒன்று கிடைக்காவிட்டாலும் அங்கே இருந்த பீஸ்கள் தனியாக ஒதுக்கப்படும். அப்புறம் பேக்கிங்குக்கு முன்னால் எல்லாம் மெட்டல் டிடெக்டரில் ஏறி இறங்கும். இதையெல்லாம் பார்த்துப் பார்த்து வேலை செய்கிறவளுக்கு, பிராண்டில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல வாய் வராது.

ஆனால் அந்தப் பாதுகாப்பு ஒரு கட்டத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் கொடுக்கும் காசு வேறு எதற்கோ. ஒரே லைனில், அதே டெய்லர்கள், அதே ஓவர்லாக், அதே பிளாட்லாக் மெஷின்கள், இந்த மாதம் ஒரு சூப்பர்மார்க்கெட் ஆர்டரைத் தைப்பார்கள், அடுத்த மாதம் ஆடம்பரமான கடைக்குப் போகிற ஆர்டரைத் தைப்பார்கள். நூல் தரமும் துணியின் ஜிஎஸ்எம்மும் (ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்ற கனம்) கொஞ்சம் மாறும், பிரிண்ட் மாறும், கழுத்தில் வைக்கிற லேபிள் மாறும். கடையில் தொங்கும் விலை அதைவிட ரொம்ப அதிகமாக மாறும்.

ஞாயிற்றுக்கிழமை காதர்பேட்டைக்குப் போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே, சந்து சந்தாக எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடைகள். ஆர்டருக்கு மேல் தைத்தது, கேன்சல் ஆனது, சின்ன டேமேஜ் உள்ளது எல்லாம் குவியலாகக் கிடக்கும். லேபிளைக் கத்தரித்துத்தான் விற்பார்கள், ஆனாலும் பாதி எழுத்து மிஞ்சியிருக்கும். சிலர் சட்டையைக் கையில் எடுத்ததும் கழுத்தைத் திருப்பி அந்தப் பாதி எழுத்தைப் படிப்பார்கள். சிலர் சட்டையையே உள்பக்கம் திருப்பி, ஓவர்லாக் தையல் பிரிகிறதா, கழுத்தைச் சுற்றி வரும் ரிப் பட்டியை இழுத்தால் திரும்பி வருகிறதா, பிசிறு குத்துமா என்று பார்ப்பார்கள். இரண்டாவது ரகம் பெரும்பாலும் கம்பெனிகளில் வேலை செய்கிற பெண்கள், அவர்களுக்குத் துணி தெரியும். அதனால்தான் அவர்களில் ஒருவர் செய்த ஒரு காரியம் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது.

தைத்த பீஸ்களில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் எங்கள் செக்கிங் டேபிளில் ஒரு அக்கா இருக்கிறார். என்னைவிட வயதில் மூத்தவர், ஒன்றரை ஷிப்ட் நின்றுகொண்டே பீஸ் பார்க்கிறவர். மகள் நாலாம் வகுப்பு. தீபாவளி போனஸ் வந்த வாரம், கோயமுத்தூருக்குப் பஸ் ஏறிப் போய், ஒரு மாலில் இருக்கிற ஷோரூமில், நெஞ்சில் பெரிதாகப் பெயர் போட்ட ஒரு பிராண்ட் கவுன் எடுத்து வந்தார். பேக்கிங் பக்கம் இதுதான் பேச்சு. போனஸ்ல பாதியைக் கொண்டுபோய்க் கொட்டிட்டாளே, கடன் இருக்கையில் எதுக்கு இந்த ஆடம்பரம் என்று. நான் அவரிடம் கேட்கவில்லை, அவராகவே டீ டைமில் சொன்னார்.

"அம்மணி, போன பொறந்தநாளுக்கு நான் பஜார்ல பாத்துப் பாத்து எடுத்த கவுனைத்தான் யூனிபாரத்துக்குப் பதிலாக் கலர் டிரஸ்ஸா ஸ்கூலுக்குப் போட்டுட்டுப் போனா. ஒரு புள்ள கழுத்தைத் திருப்பிப் பாத்துட்டு, இது உங்கம்மா கம்பெனி டேமேஜ் பீஸான்னு கேட்டுருச்சாம். வூட்டுக்கு வந்தவ சோறே திங்கல. துணி நல்ல துணிதான், எனக்குத் தெரியும். அந்தப் புள்ளைக்குத் தெரியோணுமே."

கடைசியாகச் சொன்னது எனக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது. ஷோரூமில் அந்தக் கவுனுக்குக் காசு கொடுத்த நிமிஷம், அதன் தையலைப் பற்றி அந்தக் கடையில் இருந்த எல்லோரையும்விட அவருக்குத்தான் அதிகம் தெரிந்திருக்கும். விளம்பரத்தில் மயங்கி வாங்கவில்லை. மகளின் கழுத்தை யாராவது மறுபடி திருப்பிப் பார்த்தால் அங்கே ஒரு பதில் இருக்க வேண்டும் என்று வாங்கினார். அதை ஆடம்பரம் என்று சொல்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

இன்னொரு பக்கம் என் பெரியம்மா மகள், பெங்களூரில் இருக்கிறாள். நல்ல வேலை, நல்ல மனசு. அவள் பையனுக்கு எழுத்து, கார்ட்டூன் எதுவும் இல்லாத சந்தன நிறச் சட்டைதான், ஆர்கானிக் பருத்தி. தோழிகளுக்குள் பழைய துணிகளை மாற்றிக்கொள்வார்கள். "பிள்ளைக்கு எதுக்குடி பிராண்டு, சிம்பிளா இருக்கட்டும்" என்பாள். நொய்யல் ஆற்றங்கரை ஊரான திருப்பூரில் இருக்கிற நான், ஆர்கானிக் கேட்கிறவளைக் குறை சொல்ல முடியாது. சாயக் கழிவில் இந்த ஆறு என்ன ஆனது, 2011-ல் ஹைகோர்ட் உத்தரவில் சாயப்பட்டறைகள் எல்லாம் மூடியபோது ஊர் என்ன பாடுபட்டது என்பதெல்லாம் நாங்கள் பார்த்ததுதான். குழந்தையின் தோலைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் அவளுக்கு இருக்கிற கவலை நியாயமானது. ஆனால் அவள் பையன் கழுத்து தொங்கிப்போன, வெளுத்த பனியனோடு லிஃப்டில் ஏறினாலும் யாரும் "யார் வீட்டுப் பையன் நீ, எங்கே போற" என்று கேட்க மாட்டார்கள். அவன் பேச்சும் நடையும், அந்த வீட்டின் முகவரியும் முன்னாலேயே பதில் சொல்லிவிடும். எளிமையாக உடுத்துவதற்கு முதலில் ஒரு பாதுகாப்பு வேண்டும், அவளிடம் அது இருக்கிறது.

மேலே இருக்கிறவர்கள் பிள்ளைகளுக்குக் கீழே இருக்கிறவர்களின் உடையைப் போட்டு அழகு பார்ப்பது ரொம்பப் பழைய கதை. 1846-ல் விக்டோரியா ராணியின் மூத்த மகனுக்கு, நாலு வயதில், அரச கப்பலில் சாதாரண மாலுமி போடும் உடையைச் சின்ன அளவில் தைத்துப் போட்டார்கள். அந்த உடையிலேயே ஓவியர் வின்டர்ஹால்டர் அவனை வரைந்தார். அதிலிருந்துதான் மாலுமிக் காலர் வைத்த குழந்தை உடை உலகம் பூராவும் பரவியது. நம் ஊர் ஜவுளிக் கடைகளில் இன்றைக்கும் தொங்குகிறது. அமெரிக்காவில் ஓஷ்காஷ் என்ற கம்பெனி 1895-ல் தொடங்கியது. விவசாயிகளும் ரயில்வே தொழிலாளிகளும் வேலைக்குப் போடும் ஓவரால்தான் அதன் பிழைப்பு. பிற்பாடு அந்த ஓவராலின் குட்டி வடிவம்தான் அதைப் பெரிய குழந்தை பிராண்ட் ஆக்கியது. தன் பிள்ளையைக் கூலிக்காரன் பிள்ளை என்று யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்ற நிச்சயம் இருந்தால், கூலிக்காரன் உடை அழகாகத்தான் இருக்கும்.

அந்த ராஜகுமாரன் மாலுமி உடை போட்ட அதே காலத்தில் இங்கே என்ன நடந்தது என்று பாருங்கள். தெற்குத் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாடார் பெண்கள் மேலாடை போட்டதற்காக, மேல்சாதிக்காரர்கள் பொது இடத்தில் அந்தப் பெண்களின் துணியைக் கிழித்தார்கள், அடித்தார்கள். தோள்சீலைப் போராட்டம் பல வருடம் நடந்து, 1859-ல்தான் மன்னர் ஆணை வந்தது. அந்த ஆணையிலும் ஒரு நிபந்தனை இருந்தது. மார்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதைப் போல உடுத்தக் கூடாது. மறைப்பதற்கு அனுமதி உண்டு, அவர்களைப் போலத் தெரிவதற்கு அனுமதி இல்லை. நான் இதைப் படித்தபோது செக்கிங் அக்காவைத்தான் நினைத்துக்கொண்டேன். "உன் பிள்ளைக்குத் துணி இருக்கிறதல்லவா, அது போதாதா, எதுக்கு அந்தத் துணி" என்று கேட்கிறவர்கள், தெரியாமலேயே அந்த நிபந்தனையைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள். அம்பேத்கரின் சிலைகள் எல்லாம் கோட்டும் டையுமாக நிற்பதன் அர்த்தமும், நல்ல உடை மறுக்கப்பட்ட வீட்டில் பிறந்தவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு வீட்டில் போடுவது, விளையாடப் போடுவது எல்லாம் காதர்பேட்டைதான். உள்தையல் பார்த்து, ஸ்னாப் பட்டனை இழுத்துப் பார்த்து எடுப்பேன். அவள் அதைப் போட்டுக்கொண்டு போனால் "எக்ஸ்போர்ட் குவாலிட்டி போல இருக்கே" என்கிறார்கள். செக்கிங் அக்காவின் மகளிடம் டேமேஜ் பீஸா என்று கேட்டதும் அதே பஜார் துணியைத்தான், ஒருவேளை அதே குவியலாகக்கூட இருக்கலாம். அவள் அம்மா டேபிளில் நிற்கிறார், நான் ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கிறேன், வித்தியாசம் அவ்வளவுதான்.

போன் பண்ணுகிறவர்களுக்கு இப்போது நான் சொல்வது இதுதான். ஆறு மாதம் வரை பிராண்டே பார்க்காதீர்கள். பாட்டிமார் சொல்கிற மாதிரி, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டித் துணியும், முடிச்சுப் போடும் ஜப்லாவும் போதும். பட்டன் இல்லை, கழுத்து வழியாக மாட்ட வேண்டியதும் இல்லை. தவழ ஆரம்பித்தால் ஸ்னாப் பட்டனையும் கழுத்தையும் இழுத்துப் பாருங்கள், கயிறு தொங்கும் எதையும் எடுக்காதீர்கள், புதுத்துணியை ஒரு தடவை அலசிவிட்டுப் போடுங்கள். அப்புறம் பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து, வாய் திறந்து ஒரு துணியைக் கேட்டால், அந்த ஒன்றை முடிந்தால் வாங்கிக் கொடுங்கள், உபதேசம் பண்ணாதீர்கள்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. என் மகள் பள்ளியின் பெற்றோர் குழுவில், பிறந்தநாளுக்குக் கலர் டிரஸ் வேண்டாம், அன்றைக்கும் யூனிஃபார்ம்தான் என்று ஆக்கிவிடலாம் என்று பேச்சு ஓடுகிறது. பிள்ளைகளுக்குள் ஒப்பீடு வரக் கூடாதாம். சொல்கிறவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். யூனிஃபார்மின் அருமை எனக்கும் தெரியும்; அரசுப் பள்ளியில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு வருடத்துக்கு நான்கு செட் கொடுப்பது இந்த மாநிலம் செய்கிற மிக நல்ல காரியங்களில் ஒன்று. ஆனால் கலர் டிரஸ்ஸை நிறுத்தினால் யாருக்கு நஷ்டம்? வசதியான பிள்ளைக்குப் புதுச்சட்டை போட மால் இருக்கிறது, ஹோட்டல் இருக்கிறது, மற்ற பிள்ளைகளின் பர்த்டே பார்ட்டி இருக்கிறது. வருடத்துக்கு ஒரே ஒரு நல்ல கவுன் வாங்கும் வீட்டுப் பிள்ளைக்கு அதைப் போட்டுக்கொண்டு, சாக்லேட் டப்பாவோடு வகுப்பு வகுப்பாகப் போய்க் காட்ட பள்ளிக்கூடம் ஒன்றுதான் இருக்கிறது. அதனால் நிறுத்த வேண்டாம் என்பது என் கட்சி. கலர் டிரஸ் இருக்கட்டும். அடுத்தவர் கழுத்தைத் திருப்பி லேபிள் பார்க்கிற பழக்கத்தைப் பற்றி வகுப்பில் டீச்சரும் வீட்டில் நாமும் பேசுவோம் என்று அடுத்த மீட்டிங்கில் சொல்லப் போகிறேன்.