பிளஸ் ஒன்னில் பிரெஞ்சு எடுத்தவர்கள் காதிலிருந்து தொடங்குங்கள்

2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். அதனால் மாநிலப் பாடத்திட்டத்தில் பகுதி ஒன்று மொழிப்பாடமாகப் பிரெஞ்சு எடுப்பவர்கள் பெரும்பாலும் பிளஸ் ஒன்னில்தான், ஒரு சொல்கூடத் தெரியாமல், தொடங்குகிறார்கள். கேள்வி பதிலை மனப்பாடம் செய்து நல்ல மார்க்கும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் பிரெஞ்சில் மணி என்ன என்று கேட்டால் வாய் வருவதில்லை. மொழி முழுக்கக் கண் வழியாகவே உள்ளே போனதுதான் காரணம். அதோடு ஒலியையும் இலக்கணத்தையும் ஆங்கிலத்தின் வழியாகப் படிக்கிறார்கள். பல இடங்களில் தமிழ் வாய்க்கு ஆங்கிலத்தைவிடப் பிரெஞ்சுதான் பக்கம்.

முதல் இரண்டு வாரம் ஒலிக்கு மட்டும் கொடுங்கள். எல்லோரும் பயப்படும் மூக்கொலிகளைப் பாருங்கள். ‘மரம்’ என்று எழுதினாலும் பேசும்போது கடைசி ‘ம்’ உதட்டில் மூடுவதில்லை, ‘மரொ’ என்று மூக்கில் முடிகிறது. பிரெஞ்சில் ‘நல்ல’ என்பதன் ஆண்பால் வடிவத்துக்கு அந்த முடிவுதான் வேண்டும். பேச்சில் ‘அவன்’ முடிகிற விதம் ரொட்டிக்கான பிரெஞ்சுச் சொல்லில் வருகிறது. ‘வந்தான்’ முடிகிற விதம் குழந்தைக்கான சொல்லில் வருகிறது. மூன்றும் நம் வாயில் ஏற்கெனவே இருப்பவை. எழுத்தில் ‘ன்’ இருக்கிறதே என்று அதை அழுத்திச் சொல்வதுதான் பிசகு. ‘நல்ல’ என்ற சொல்லின் முடிவில் ‘ன்’ கேட்டால் அது பெண்பாலாகிவிடும்.

‘த’ இன்னொன்று. பிரெஞ்சு ‘த’ நம் ‘தாத்தா’வில் வரும் பல்லொலி. ஆங்கிலப் பழக்கத்தில் நம் பிள்ளைகள் அதை ‘ட’ ஆக்குகிறார்கள். மேசை ‘டேபிள்’ இல்லை, ‘தாப்ல்’.

உண்மையில் புதிதாகப் பழக வேண்டியவை சிலதான். ‘ஈ’ என்று சொல்லிக்கொண்டே நாக்கை அசைக்காமல் உதட்டை ‘ஊ’வுக்குக் குவித்தால் ஒன்று கிடைக்கும். ‘ஏ’ சொல்லி உதட்டைக் குவித்தால் இன்னொன்று. ‘ர’ நாக்கு நுனியில் இல்லை, தொண்டைக்கு மேலே உள்நாக்கருகில் உரசி வருகிறது.

சொல்லுக்குப் பக்கத்தில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதிவைக்காதீர்கள். மீனுக்கும் விஷத்துக்கும் பிரெஞ்சில் இருக்கும் ஒரே வித்தியாசம் நடுவில் வரும் ஸகரம் அதிர்வதா இல்லையா என்பதுதான். நம் எழுத்தில் இரண்டும் ‘ப்வஸோன்’தான். இந்தப் பதிவிலும் எழுத்துக் கூட்டியிருப்பவை தோராயமே. சொல்லை ஒலிப்பதிவில் கேட்டுத்தான் பழக வேண்டும்.

இலக்கணத்துக்கு வந்தால், ‘நீ’யும் ‘நீங்க’ளும் நமக்கு உண்டு. ‘துயு’, ‘வூ’ இரண்டையும் ஆங்கிலம் வழியே யோசித்தால் ஒரே கடிதத்தில் மாறி மாறி எழுதி மார்க்கை இழப்பீர்கள். தமிழில் யோசித்தால் குழப்பமே இல்லை. எழுவாய் விஷயத்தில் மட்டும் தமிழ் காலை வாரும். ‘பேசறேன்’ என்றாலே யார் என்று தெரிவதால் ‘நான்’ நமக்குத் தேவையில்லை. பிரெஞ்சில் நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய், அவன் பேசுகிறான், அவர்கள் பேசுகிறார்கள் என்ற நான்கிலும் வினை காதுக்கு ‘பார்ல்’தான். எழுத்தில் மாறும் விகுதி ஒலிப்பதில்லை. அதனால் எழுவாயை விட்டால் வாக்கியமே விழுந்துவிடும். மழை பெய்கிறது என்பதற்கும் அங்கே ஒரு எழுவாய் வைத்தாக வேண்டும்.

கடந்த காலத்தில் பெரும்பாலான வினைகளுக்குத் துணைவினை ‘அவ்வார்’. போ, வா, பிற, இற, விழு, ஏறு, இறங்கு போன்ற சிலவற்றுக்கும், செயல் செய்பவரையே திரும்பச் சுட்டும் தற்சுட்டு வினைகளுக்கும் ‘எத்ர்’. இதை வெறும் பட்டியலாக உருப்போட்டவர்கள் ஒரு இடத்தில் மாட்டுவார்கள். ஒரே வினை இரண்டு துணைவினையும் எடுக்கும். இங்கே தமிழ் கைகொடுக்கிறது. இறங்கினேன் என்றால் ‘எத்ர்’, பெட்டியை இறக்கினேன் என்றால் ‘அவ்வார்’. ஏறினேன், ஏற்றினேன் என்பதும் அப்படியே. நாம் தன்வினை, பிறவினை என்று எட்டாம் வகுப்பிலோ ஒன்பதிலோ படித்ததுதான், பிரெஞ்சில் சொல் மாறாமல் துணைவினை மாறுகிறது.

உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் இருப்பது மட்டும் நமக்கு முழுக்கப் புதிது. சொல்லைத் தனியாகப் படிக்கவே கூடாது. ‘ஒரு’ என்பதன் ஆண்பால் அல்லது பெண்பால் வடிவத்தோடு சேர்த்தே எழுதுங்கள். ஆங்கில ‘the’ போல வரும் ‘ல’ (ஆண்பால்), ‘லா’ (பெண்பால்) சேர்த்து எழுதினால் உயிரெழுத்தில் தொடங்கும் சொற்களில் அது சுருங்கி வெறும் ‘ல்’ ஆகிவிடும், பால் மறைந்துபோகும். பள்ளிக்கூடத்துக்கான ‘ஏகோல்’ இப்படித்தான் பலருக்குத் தப்பாகிறது. ‘சியோன்’ என்று முடிபவை ஏறக்குறைய எல்லாம் பெண்பால். ‘மான்’ என்று மூக்கில் முடிபவை பெரும்பாலும் ஆண்பால். ‘ஆஜ்’ என்று முடிபவையும் பெரும்பாலும் ஆண்பாலே, ஆனால் பக்கம், கடற்கரை, படம், கூண்டு நான்கும் பெண்பால்.

தினமும் இருபது நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்வது இதற்கு ஈடாகாது. பாடப் பகுதியிலிருந்து ஐந்து வாக்கியத்தை ஆசிரியரைக் கொண்டு பதிவு செய்துகொள்ளுங்கள். முதல் முறை எழுதாமல் கேளுங்கள், இரண்டாம் முறை எழுதுங்கள், மூன்றாம் முறை கேட்டுச் சரிபாருங்கள், பிறகு புத்தகத்தைத் திறந்து சிவப்பு மையில் திருத்துங்கள். கடைசியாகப் பதிவோடு சேர்ந்து சத்தமாகச் சொல்லுங்கள். முதல் மாதம் தப்பெல்லாம் ஒலிக்காத கடைசி எழுத்துகளில்தான் இருக்கும், அது இயல்பு. புதுச்சொல் ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் வேண்டாம். மறுநாளும், மூன்றாம் நாளும், ஏழாம் நாளும் அவற்றைத் திரும்பப் பாருங்கள்.

எண்களுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். 70 என்பது அறுபதும் பத்தும், 80 நான்கு இருபது, 97 நான்கு இருபதும் பத்தும் ஏழும். பிரான்சில் பத்து இலக்கத் தொலைபேசி எண்ணை இரண்டிரண்டாகச் சொல்வார்கள். ‘அறுபது’ காதில் விழுந்ததும் 6 எழுதிவிட்டால், அடுத்து ‘பதினைந்து’ வரும்போது அடிக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் அது 75. அறுபதும் நான்கு இருபதும் கேட்டால் அந்த ஜோடி முடியும்வரை பேனாவை நிறுத்திவையுங்கள்.

பள்ளித் தேர்வோடு டெல்ஃப் ஏ1 தேர்வையும், அதாவது பிரெஞ்சுத் திறனுக்கான சான்றிதழ்த் தேர்வின் தொடக்க நிலையையும், எழுதுவது நல்லது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எதிலாவது 5-க்குக் கீழே போனால் தோல்வி. பேசும் பகுதி ஐந்து முதல் ஏழு நிமிடம், அதற்குமுன் பத்து நிமிடம் தயாரிக்கக் கொடுப்பார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் முழு வாக்கியம் எழுதாதீர்கள், எழுதினால் அதைப் பார்த்துப் படிக்கத்தான் தோன்றும். சொற்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் பேசுவதுபோல் வரும் பகுதியில் வணக்கம் சொல்லி, ‘வூ’ போட்டு, விலை கேட்டு, காசு கொடுத்து, நன்றி சொல்லி முடியுங்கள். கேள்வி புரியாவிட்டால் திரும்பச் சொல்லும்படி பிரெஞ்சிலேயே கேட்கலாம். அந்த ஒரு வாக்கியத்தை முதல் வாரமே வாய்க்குப் பழக்கிவிடுங்கள்.