சனசமூக நிலைய வடிவமைப்பு நாட்குறிப்பு, 2025

மார்ச் 11

இந்த அரையாண்டுக்கு எடுத்த திட்டம்: யாழ்ப்பாணத்துச் செம்மண் ஊரொன்றுக்கு வாசிகசாலையோடு கூடிய சனசமூக நிலையம். காணி 4 பரப்பு. ஒரு பரப்பு 10 பேர்ச், ஏறக்குறைய 253 சதுர மீற்றர். ஆகவே மொத்தம் 1,010 சதுர மீற்றருக்குக் கிட்ட. கிழக்கு மேற்காக 40 மீற்றர், வடக்கு தெற்காக 25 மீற்றர். கிழக்கே வீதி, வடகிழக்கு மூலையில் பழைய கிணறு, தென்மேற்கு மூலை கொஞ்சம் தாழ்வு.

அறைகளின் பட்டியலை எழுத முன் ஒரு நாளை மணிக்கு மணி எழுதிப் பார்த்தேன். காலை 6 மணிக்குப் பத்திரிகை வாசிக்க வருபவர்கள், 8 மணிக்கு முன்பள்ளிப் பிள்ளைகள், அவர்களைக் கூட்டி வந்து காத்திருக்கும் தாய்மார், மாதத்தில் ஒரு நாள் கிளினிக், பின்னேரம் ரியூசன், இரவில் சங்கக் கூட்டம், வருடத்தில் சில நாள் தேர்தல், வெள்ளம் வந்தால் இடைத்தங்கல் முகாம். இவற்றில் பாதிக்குமேல் எந்த அறைக்கும் உரியவை அல்ல. நிழலும் இருக்கையும் கிடைக்கிற இடத்தில் நடப்பவை. அந்த இடம் விறாந்தை. பட்டியலில் அதை "சுற்றுப்பாதை 15 வீதம்" என்று வெறும் நடைவழியாகப் போட்டால் கட்டடமே பிழையாகிவிடும். இங்கே விறாந்தைதான் பிரதான அறை, மற்றவை அதற்குத் துணை.

மார்ச் 20

சம இரவு நாள். மேற்கு வெயிலைக் கணக்குப் பார்க்க இதைவிட நல்ல நாள் இல்லை.

யாழ்ப்பாணம் வட அகலக்கோடு 9.7 பாகையில் இருக்கிறது. இன்று பின்னேரம் 4 மணிக்குச் சூரியன் ஏறக்குறைய 34 பாகை உயரத்தில், 5 மணிக்கு 19 பாகையில். மேற்குப் பக்கம் 2.4 மீற்றர் விறாந்தை போட்டு, கூரையை இன்னும் 0.6 மீற்றர் நீட்டி, கூரை விளிம்பை 2.4 மீற்றர் உயரத்தில் வைத்தாலும், 4 மணிக்கே வெயில் சுவரின் அடியில் 40 சென்ரிமீற்றர் ஏறிவிடும். 5 மணிக்கு 1.35 மீற்றர் வரை. ரியூசன் நடக்கும் நேரம் அதுதான். மேற்கே எவ்வளவு அகல விறாந்தை போட்டாலும் வெயிலை வெல்ல முடியாது. அங்கே சுவர் வேண்டும், அல்லது மரம் வேண்டும்.

முடிவு: கட்டடம் கிழக்கு மேற்காக நீளும், விறாந்தைகள் வடக்கிலும் தெற்கிலும். மேற்கு அந்தத்தில் 1.5 மீற்றர் அகலக் களஞ்சியம். வெயிலை அது வாங்கிக்கொள்ளட்டும், மண்டபம் தப்பும். நீளம் 15 மீற்றர்: வாசிகசாலை 4.5, மண்டபம் 9, களஞ்சியம் 1.5. அகலம் 6.

ஏப்ரல் 2

இன்று முழுவதும் வெட்டுமுகம், அதாவது கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிக் காட்டும் படம். மாணவர் திட்டங்களில் மிகவும் வழமையான பிழை இங்கேதான் ஒளிந்திருக்கிறது. தளவரைபடத்தில் 3 மீற்றர் விறாந்தை மிக அழகாக இருக்கும். கூரையை வெட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

ஓட்டுக்கூரை, சரிவு 28 பாகை. ஒரு மீற்றர் வெளியே போனால் 53 சென்ரிமீற்றர் இறங்கும். சுவர் உச்சி 3.6 மீற்றர் என்று வைத்தேன். விறாந்தை 3 மீற்றர், நீட்டம் 0.6, மொத்தம் 3.6 மீற்றர் வெளியே. கூரை இறங்குவது 1.91 மீற்றர். விளிம்பு தரையிலிருந்து 1.69 மீற்றரில் வந்து நிற்கிறது. நின்றபடி வெளியே பார்க்க முடியாது. ஆள் உயரமென்றால் நெற்றியில் அடிக்கும்.

பலரும் பிடிக்கிற குறுக்கு வழி, விறாந்தைக்கு மேல் சரிவை 15 பாகைக்குக் குறைப்பது. படத்தில் விளிம்பு 2.64 மீற்றருக்கு ஏறிவிடும், ஆனால் ஓட்டுக்கு அந்தச் சரிவு போதாது. நீர் மெதுவாக இறங்கும். ஓடும் ஓடும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் மாரியின் வாடைக்காற்று அதை மேல்நோக்கித் தள்ளும். முதலில் ஓடு தங்கும் சலாகை நனையும், பிறகு அதைத் தாங்கும் கைமரம். ஒழுகுவது கண்ணில் படும்போது மரம் ஏற்கெனவே உக்கத் தொடங்கியிருக்கும். பழைய மேசன்மார் சரிவு முறியும் இடத்தை விரும்பாததற்குக் காரணம் இதுதான்.

சரியான வழி சுவரை உயர்த்தி விறாந்தையைக் கொஞ்சம் சுருக்குவது. சுவர் உச்சி 4.0, விறாந்தை 2.4, நீட்டம் 0.6. தூண் வரிசையில் கூரை 2.72 மீற்றர், விளிம்பில் 2.4, முகடு 5.6. ஒரே சரிவு, முறிவு இல்லை. 2.4 மீற்றர் குறுகல் அல்ல. விறாந்தை ஓரத்தில் இருக்கக் கட்டும் தாழ்ந்த சுவரான குந்துக்கு 0.4 போக, ஒரு கதிரை வரிசையும் ஆள் நடக்கும் வழியும் தாராளமாக நிற்கும்.

இதன் விலை வெளிச்சம். இவ்வளவு தாழ்ந்த கூரைக்குப் பின்னால் 6 மீற்றர் அகல அறையின் நடு இருளும். வாசிகசாலையின் வடக்குச் சரிவில் ஆறு கண்ணாடி ஓடுகள் போடலாம். அவை நடைவழிக்கு நேர் மேலே வரவேண்டும். புத்தகத் தட்டுக்கு மேலே வந்தால் முதுகு வெளுத்துப் போகும், வாசிக்கும் மேசைக்கு மேலே வந்தால் கண் கூசும். இரண்டு முகட்டுச் சுவர்களிலும் உச்சியில் காற்றுப் போகத் துளையுள்ள பூக்கல், உள்ளே கம்பிவலை. வலை இல்லாவிட்டால் வௌவால் குடியேறும்.

ஏப்ரல் 15

மதியம் 12.10க்கு நேராக நட்ட தடிக்கு நிழல் இல்லை. புத்தாண்டை ஒட்டிய இந்த நாட்களிலும் ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சி. 1:50 மொடலை வெயிலில் வைத்தபோது இரண்டு விறாந்தையும் முழு நிழல். இந்த நாளில் சூடு வருவது கூரை வழியாகத்தான், சுவரால் அல்ல. அந்தச் சூட்டை வெளியே விடும் பூக்கல்லைச் செலவு குறைக்கும் பட்டியலில் முதலில் வெட்டக்கூடாது.

மே 6

இன்று உள்ளூராட்சித் தேர்தல். வாக்களிப்பு காலை 7 முதல் பின்னேரம் 4 வரை. இப்படியான கட்டடம் எப்படி நெருக்கடிப்படும் என்பதை வரைபடத்தைவிட இன்றைய வரிசை தெளிவாகச் சொல்லும். ஒரே கதவால் போய் அதே கதவால் திரும்பினால் வாசலில் முட்டுப்படும். வயதானவர்கள் வெயிலில் நிற்பார்கள். சக்கர நாற்காலியில் வந்தவரை நாலு பேர் தூக்கி ஏற்ற வேண்டி வரும். தன் வாக்கைப் போட வந்த மனிதரைப் பொதி போலத் தூக்குவது பொதுக் கட்டடத்துக்குப் பெரிய அவமானம்.

மண்டபத்துக்கு இரண்டு கதவு: வடக்கு விறாந்தையால் உள்ளே, தெற்கு விறாந்தையால் வெளியே. ஒவ்வொன்றும் 1.2 மீற்றர், வெளிப்பக்கம் திறப்பவை. வரிசை 15 மீற்றர் நீளத்துக்கும் நிழலில் நிற்கும்.

சாய்தளம்: தளம் முற்றத்திலிருந்து 600 மில்லிமீற்றர் உயரம். 2008 கார்த்திகையில் நிஷா புயல் கொண்டுவந்த வெள்ளத்துக்குப் பிறகு இதைக் குறைக்க மனம் வராது. இலங்கையில் பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. சாய்வு 1:12ஐ விடச் செங்குத்தாக இருக்கக்கூடாது. 600க்கு 7.2 மீற்றர் ஓட்டம். அதை 3.6 மீற்றர் வீதம் இரண்டாக மடித்து நடுவில் 1.5 மீற்றர் தட்டை, தொடக்கத்திலும் முடிவிலும் அதேபோல் ஒவ்வொன்று, அகலம் 1.2. இரண்டு பக்கமும் கைபிடி, விளிம்பில் சக்கரம் வழுக்காமல் 100 மில்லிமீற்றர் கட்டு.

சாய்தளம் படிக்குப் பக்கத்திலேயே ஏறி அதே விறாந்தையில் முடியவேண்டும். பின்பக்கக் கழிப்பறை வழியாக ஏற்றும் திட்டங்களை எத்தனையோ தாள்களில் பார்க்கலாம். கடைசி வாரத்தில் மிஞ்சிய மூலையில் வரைவதால்தான் அப்படி ஆகிறது, சாய்வும் 1:6க்கு வந்துவிடும். தளத்தின் உயரம் முடிவான அன்றே சாய்தளத்தையும் வரைந்துவிட வேண்டும்.

மே 25

தென்மேற்குக் காற்றான சோளகம் தொடங்கிவிட்டது. தெற்கு விறாந்தையில் பத்திரிகை விரிக்க முடியாது, பக்கமெல்லாம் பறக்கும், செம்மண் தூசியும் படியும். வடக்கு விறாந்தை இப்போது அமைதி. மாரியில் இது தலைகீழ்: வாடை வடகிழக்கிலிருந்து சாரலைக் கொண்டுவரும்.

சாரல் 45 பாகையில் சாய்ந்தால் 2.4 மீற்றர் விளிம்பிலிருந்து உள்ளே 2.4 மீற்றர் போகும். நீட்டம் 0.6 கழித்தால் விறாந்தையில் 1.8 மீற்றர் நனைந்து, சுவரோரம் 0.6 மட்டும் காயும். 450 மில்லிமீற்றர் உயரக் குந்து அதற்குப் பின்னே அதே 0.45 மீற்றரைத்தான் காக்கும், அதற்கப்பால் நனையும். தூண் வரிசையில் மேலிருந்து பனையோலைத் தட்டி தொங்கவிட்டு, அதன் அடி தரையிலிருந்து 1.2 மீற்றரில் நிற்கச் செய்தால் சுவர்ப்பக்கம் 1.2 மீற்றர் அகலம் காய்ந்து கிடக்கும். பத்திரிகைப் பலகைக்கும் வாசிப்பவருக்கும் அது போதும். தட்டி ஐப்பசியில் ஏறும், தையில் இறங்கும். கொளுக்கிகளைத் தூண்களின் மேல் கிடக்கும் மரமான வளையிலேயே வரைபடத்தில் காட்டிவிட வேண்டும். பிறகு ஆணி அடித்தால் மரம் பிளக்கும்.

பத்திரிகைப் பலகை: சாய்வு, இரண்டு பக்கமும் வாசிக்கலாம், தாளை நடு மடிப்பில் பிடிக்கும் கம்பி. நின்று வாசிக்க அடி விளிம்பு 1 மீற்றரில். ஒன்று மட்டும் 700 மில்லிமீற்றரில், கதிரையிலோ சக்கர நாற்காலியிலோ இருப்பவருக்கு.

யூன் 8

கிணறும் மலசலகூடமும். யாழ்ப்பாணத்தில் வடிவமைப்பின் மிகப் பாரதூரமான பகுதி இது, தாளில் மிகச் சின்ன இடம் பிடிக்கும் பகுதியும் இதுவே.

எங்கள் நிலத்தடி சுண்ணாம்புக்கல். மேலே மெல்லிய செம்மண், கீழே வெடிப்பும் குகையும் உள்ள கல். மணல் நிலத்தில் கழிவுநீர் வடிகட்டப்பட்டு மெதுவாக நகரும். இங்கே ஒரு வெடிப்பைப் பிடித்தால் வடிகட்டாமலே கிணற்றைச் சேரும். குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறியதற்கு வயல் உரத்தோடு இந்தக் குழிகளும் காரணம். கிணற்றுக்கும் குழிக்கும் பொதுவாகச் சொல்லப்படும் 15 மீற்றர் இடைவெளியை இங்கே ஆகக் குறைந்த எல்லையாகத்தான் எடுக்கலாம், பாதுகாப்பு என்று எடுக்கமுடியாது.

கிணறு வடகிழக்கில். மலசலகூடம் தென்மேற்கில், 30 மீற்றருக்கு மேல் தள்ளி, தாழ்ந்த பக்கத்தில். அடி கட்டாத குழி வேண்டாம். நீர் கசியாத இரண்டு அறைத் தொட்டி: முதல் அறை மொத்தக் கொள்ளளவில் மூன்றில் இரண்டு, நீராழம் ஒரு மீற்றருக்குக் குறையாமல். அதற்கடுத்து நீர் கீழிருந்து மேலேறும் சல்லி வடிகட்டி, பிறகு கல்வாழை நட்ட, அடி பூசிய பாத்தி. மாரியில் நிலத்தடி நீர் மேலே வருவதால் எல்லாவற்றின் மூடியும் முற்ற மட்டத்துக்கு மேலே நிற்கவேண்டும். வண்டி வந்து உறிஞ்சி எடுக்க 3 மீற்றர் வழி. இந்த வழியை விட்டுவிட்டு மதில் கட்டிய இடங்களில், தொட்டி நிரம்பிய அன்று மதிலைத்தான் உடைக்க வேண்டிவரும்.

யூன் 21

இன்று மதியச் சூரியன் வடக்கே சாய்ந்து 76 பாகையில். வடக்கு விறாந்தையில் வெயில் 0.6 மீற்றர், அதாவது நீட்டத்தோடு சரி. குந்தில் இருப்பவர் நிழலில்.

மழைநீர்க் கணக்கு: கூரையின் கிடைப்பரப்பு 15 × 12, 180 சதுர மீற்றர். ஆண்டு மழை 1,250 மில்லிமீற்றர் அளவு, இழப்புப் போக 80 வீதம் என்று வைத்தால் 180,000 லீற்றர். பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டும். 10,000 லீற்றர் தொட்டி ஒன்று நிரம்பியதும், மிச்சம் மணலும் சல்லியும் போட்ட குழியால் வடிந்து கிணற்றோரம் இறங்கட்டும். முதல் மழையின் 180 லீற்றரை, அதாவது ஒரு மில்லிமீற்றரை, தனிக் குழாயில் பிடித்து வெளியே விடவேண்டும். கூரைத் தூசியும் பறவை எச்சமும் அதில்தான் வரும்.

கூரை விளிம்பில் மழைநீரை வாங்கும் பீலி 2.4 மீற்றரில் இருப்பதால் தொட்டியின் வாய் 2 மீற்றருக்கு மேலே போகமுடியாது. மணிக்கு 100 மில்லிமீற்றர் மழையில் ஒரு பக்கக் கூரை நொடிக்கு 2.5 லீற்றர் தரும். ஒரு பக்கத்துக்கு இரண்டு 110 மில்லிமீற்றர் குழாய். ஒன்று இலையால் அடைபட்டாலும் மற்றது ஓடும்.

யூலை 13

வாசிகசாலை, 27 சதுர மீற்றர். ஒரு மீற்றர் தட்டில் 30 புத்தகம், ஐந்து தட்டு, ஆக மீற்றருக்கு 150. 3,000 புத்தகத்துக்கு 20 மீற்றர் தட்டு வேண்டும். அறையின் சுற்றளவு 21 மீற்றர், அதில் கதவும் யன்னலும் போனால் சுவரோரம் மட்டும் போதவே போதாது. இரு பக்கத் தட்டுகளைச் சுவரிலிருந்து குறுக்காக நிறுத்தினேன், இடையில் 1.2 மீற்றர். எந்தத் தட்டும் சுவரைத் தொடக்கூடாது, 100 மில்லிமீற்றர் இடைவெளியோடு இரும்புக் காலில் நிற்கவேண்டும். கறையான் சுவர் வழியாகத்தான் ஏறும், இடைவெளி இருந்தால் அதன் மண்கோடு கண்ணில் படும்.

இங்கே வாசிகசாலை வரையும் மாணவர் பலர் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் குவிமாடத்தை முகப்பில் வைக்க ஆசைப்படுகிறார்கள். 1959இல் திறந்து, 1981இல் எரிக்கப்பட்டு, 2003இல் மீண்டும் திறந்த கட்டடம் அது. அந்த ஆசையின் வேர் புரிகிறது. ஆனால் அந்த மாடம் அந்தப் பெரிய உடலுக்கு உரிய தலை. 6 மீற்றர் அகல ஓட்டுக்கூரையில் வைத்தால் இரண்டுக்கும் மரியாதை இல்லை. சின்னக் கட்டடத்துக்குக் கற்க வேண்டியது பருத்தித்துறைத் தெருமூடி மடத்தில் இருக்கிறது: தெருவே கட்டடத்துக்குள்ளால் போகிறது, இரண்டு பக்கமும் உயர்ந்த திண்ணை, அடைக்கக் கதவில்லை. வழிப்போக்கர் யாரிடமும் கேட்காமல் இருந்து போகலாம். சங்கத்தின் கதவு பூட்டியிருந்தாலும் எங்கள் விறாந்தையும் அப்படித் திறந்தே கிடக்கவேண்டும். அதனால் விறாந்தைக்கு இரும்புக் கிராதி வரையவில்லை. பூட்டு, அறைகளுக்கு மட்டும்.

ஓகஸ்ட் 3

கட்டுமானக் குறிப்பு எழுதும்போது மறந்துவிடும் ஒன்று, கலக்கும் தண்ணீர். உவர்க் கிணற்று நீரில் கொங்கிறீற்று கலந்தால் உப்பு கம்பியை அரிக்கும். துருவேறிய கம்பி பருத்து கொங்கிறீற்றை வெடிக்கச் செய்யும். தீவகத்திலும் கரையோரத்திலும் தூண் அடி பிளந்து நிற்பது இதனாலும்தான். கழுவாத கடல் மணலும் அதே கேடு. குறிப்பில் எழுதியது: நன்னீர் மட்டும், தூண் கம்பிக்கு மேல் 40 மில்லிமீற்றர் கொங்கிறீற்று, விறாந்தைத் தூணின் மர அடி தளத்தைத் தொடாமல் 150 மில்லிமீற்றர் கொங்கிறீற்றுக் குற்றியில்.

ஓகஸ்ட் 28

மறுபடியும் நிழலில்லா மதியம். மொடலைக் கடைசியாக வெயிலில் வைத்தாயிற்று. நாளை காட்டவேண்டிய வரைபடத் தாள்களின் ஒழுங்கு: முதலாவது வெட்டுமுகம், 1:20இல், விறாந்தையில் பத்திரிகைப் பலகையும் வாசிப்பவரும் தட்டியும் சாரல் கோடும் அளவோடு. இரண்டாவது காணி வரைபடம், கிணற்றிலிருந்து தொட்டிவரை தூரம் குறித்தது. தளவரைபடம் மூன்றாவது. முகப்பு கடைசியில். சாய்தளத்தின் மேல் தட்டையில் ஒரு திருத்தம் மிச்சம்: அது 1.2 மீற்றராக வரையப்பட்டிருக்கிறது. சக்கர நாற்காலி திரும்ப 1.5 வேண்டும், அதனால் முதல் தூண் 300 மில்லிமீற்றர் கிழக்கே தள்ளப்படும்.