ஆறு இலை எண்ணிப் பறித்த தகரை

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இரண்டு நாள்காட்டிகள் தொங்குகின்றன. ஒன்றில் ஆடி பிறக்கும்போது, ஒரு நாள் முன்பின்னாக, மற்றொன்றில் மலையாள மாதமான கர்க்கடகம் பிறந்துவிடும். மேற்கே பாலக்காட்டுப் பக்கம் அதற்குப் 'பஞ்ஞக் கர்க்கடகம்' என்று பெயர். அடைமழையில் கூலி வேலை நின்று, குதிரில் நெல்லும் தீர்ந்துபோன காலத்தில், வேலியோரத்து இலைகளைக் கொண்டு உலையைச் சமாளித்த மாதம் அது. தாள், தகர, தழுதாம, பூசணி, மத்தன், கொடித்தூவ என்று பத்து இலைகளைச் சேர்த்துச் சமைக்கும் 'பத்தில' அந்த மாதத்துக்கு உரியது. எந்தப் பத்து என்பது ஊருக்கு ஊர் மாறும்.

எங்கள் பக்கம் அவ்வளவு மழை இல்லை. சித்தூர் வட்டத்தின் இந்தக் கிழக்கு மூலை மழை மறைவுப் பகுதி. கேரளத்தில் கரிசல் மண்ணைப் பார்க்க வேண்டுமானால் இங்கேதான் வரவேண்டும். மேற்கே கஞ்சிக்கு வழியில்லாத அதே மாதத்தில் எங்கள் நிலக்கடலைக் காட்டில் களையெடுப்பு நடக்கும். எனவே நாங்கள் உண்ட காட்டுக்கீரை என்பது பெரும்பாலும் களைதான். தொய்யல், பண்ணை, குப்பைக்கீரை, சாரணத்தி எல்லாம் கடலை முளைத்த இரண்டு மூன்று வாரங்களில் அதனுடன் போட்டி போட்டுக்கொண்டு வரும். களைக்கொத்துடன் வரிசை பிடித்துச் செல்லும் என் அம்மிச்சி (அம்மாவின் அம்மா), இளந்தளிரை மடியிலும் முற்றியதை எருமைக்கென்று கூடையிலும் போடுவார். இரண்டுக்கும் நடுவே அவர் கை ஒரு கணமும் தயங்கிப் பார்த்ததில்லை. மாலையில் மடியில் இருந்தது முழுவதும் துவரம்பருப்பும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்ந்து மண்சட்டியில் வெந்து, மத்தால் கடையப்பட்டு, சோளச் சோற்றுக்குத் துணையாகும். அதில் எந்தக் கீரை எவ்வளவு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பண்ணைக்கீரை கதிர் வைத்துவிட்டால் மட்டும் மடிக்குள் வராது.

மலையாளத்துத் தழுதாம எங்கள் மூக்கிரட்டை. அவர்களுடைய கொடித்தூவ எங்கள் செந்தட்டி. தொட்டால் தடிக்கும் செந்தட்டியையும் ஒருவர் கறிவைப்பார் என்பதைச் சிறுவயதில் நான் நம்பவில்லை. பக்கத்து வீட்டு மலையாளத்துச் சேச்சி அதை இடுக்கியால் பறித்து வெந்நீரில் போட்டு எடுத்ததையும், சுணை அடங்கிய இலையை வெறுங்கையால் அரிந்ததையும் பார்த்த பிறகுதான் நம்பினேன். தாள் என்னும் காட்டுச் சேம்பிலையை அவர் புளி விட்டு நெடுநேரம் வேகவைப்பார். அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்களே தொண்டையைக் குத்தி அரிப்பை உண்டாக்குபவை. அரைவேக்காட்டில் இறக்கினால் அன்றிரவு வீட்டில் எவருக்கும் உறக்கம் இராது.

எனக்கு மிகவும் பிடித்தது தகரை. கடலைக்காட்டில் இதைக் கண்டுபிடிப்பது எளிதன்று, ஏனெனில் தொலைவிலிருந்து பார்த்தால் கடலைச் செடியும் தகரையும் அண்ணன் தம்பி போலவே இருக்கும். இரண்டும் பொழுது சாய்ந்ததும் இலைகளை மடித்துக்கொண்டு தூங்கவும் செய்யும். அம்மிச்சி சொல்லிக்கொடுத்த கணக்கு ஒன்றுதான்: "நாலு எல இருந்தா கடலக்கொடி, ஆறு இருந்தா தகர, அதுக்கு மேல இருந்தா தொடாத கண்ணு." கடலையின் ஒரு காம்பில் இரண்டு இணைச் சிற்றிலைகள், தகரையில் மூன்று இணை, நுனி உருண்டிருக்கும். நான்கு ஐந்து இணைகளுடன் நுனி கூர்ந்து நிற்பது பொன்னாவரை. அதன் விதை நஞ்சு. கசக்கி முகர்ந்தால் தகரையிலும் ஒரு நெடி உண்டு, ஆகவே மூக்கை நம்புவதற்கில்லை, எண்ணித்தான் ஆகவேண்டும். மஞ்சள் பூ விடுவதற்கு முன்னரே பறித்துவிட வேண்டும். முற்றினால் கசக்கும், வயிற்றையும் இளக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் நகரத்துக் கடையொன்றில் 'பத்தில' என்று எழுதி ஒட்டிய கட்டொன்றை வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் ஏழு வகைதான் இருந்தது. அதில் தகரை பூத்து, பிஞ்சும் பிடித்திருந்தது. விலையைச் சொல்லி என்னை நானே வெட்கப்படுத்திக்கொள்ள விரும்பவில்லை. தகரைச் செடி சரிதான். பறிக்கும் நாள்தான் தவறிவிட்டது. அதை அப்படியே சமைத்து, மறுநாள் அம்மிச்சி சொன்னது எவ்வளவு உண்மை என்று உணர்ந்தேன்.

கர்க்கடகத்தில் முருங்கையிலை உண்ணக்கூடாது என்று சேச்சி கண்டிப்பாகச் சொல்வார். அதே வாரத்தில் எங்கள் மாரியம்மன் கோயிலில் கூழுக்குத் தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரைப் பொரியல் தருவார்கள். இரு வீட்டாரும் நலமாகவே இருக்கிறார்கள். இந்த வழக்கைத் தீர்த்துவைக்க நான் ஆளில்லை.

இப்போது களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை. 2019-இல் கேரள அரசு கிளைபோசேட்டுக்குத் தடை விதித்தது. ஆனால் களைக்கொல்லி அது ஒன்றுதான் என்றில்லை. மருந்து தெளித்த காட்டில் தப்பி முளைத்த கீரையை நான் பறிப்பதில்லை. எங்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் பனைமரங்களை ஒட்டிய வரப்பில் மட்டும் தெளிக்காமல் விடுகிறார். அவருடைய பசு அங்கேதான் மேய்கிறது. இந்த ஆடியில் பசுவுக்கு முன்னால் எழுந்து போய் இரண்டு கைப்பிடி தகரை பறித்தேன். தேங்காயும் சீரகமும் பூண்டும் சதைத்துப் போட்டு வதக்கியபோது இரண்டு கரண்டி தேறியது. என் மகள் தன் பங்கைத் தட்டில் பரப்பி, ஒட்டிக்கொண்டிருந்த ஒரு காம்பை நிமிர்த்தி வைத்து, ஆறு வரை எண்ணிவிட்டுத்தான் வாயில் போட்டாள்.