பாதிக் கட்டணம் கழித்தார்கள், மிச்சம் எவ்வளவு?

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவில் தொங்கிய கலண்டரின் ஒரு தாளை அம்மா இன்னும் எறியாமல் வைத்திருக்கிறார். அதன் பின்பக்கத்தில் அப்பா போட்ட கணக்கு ஒன்று இருக்கிறது.

2017இல் உயர்தரப் பரீட்சை எழுதினேன். கணிதப் பிரிவு, இரண்டு ஏ, ஒரு பி. அரச பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லை. கொழும்புப் பக்கத்துத் தனியார் நிறுவனம் ஒன்று என் பெறுபேற்றைப் பார்த்துவிட்டு, பொறியியல் பட்டப்படிப்புக்குப் பாதிக் கட்டணத்தைக் கழிக்கிறோம் என்று கடிதம் அனுப்பியது. தங்க நிற விளிம்பு போட்ட கடிதம். திருகோணமலை உவர்மலையில் நான் அதைக் காட்டாத நண்பன் இல்லை.

அப்பா முச்சக்கர வண்டி ஓட்டுபவர். கடிதத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "தம்பி, அவர்கள் விடுகிற காசைச் சொன்னாய். நாங்கள் கட்டுகிற காசு எவ்வளவு?" என்றார்.

நான்கு வருடக் கட்டணம் 24 இலட்சம். பாதி போக 12. அறை வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து மாதம் 25,000 என்று வைத்தால் 48 மாதத்துக்கு இன்னொரு 12. கூட்டினால் மறுபடி 24 இலட்சம். கழித்த காசு சோற்றுக்கும் வாடகைக்கும் போய்விட்டது. அதோடு கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், ஒவ்வொரு அரையாண்டும் ஜீ.பி.ஏ. (பாடங்களின் சராசரித் தரப்புள்ளி) 3.5க்குக் கீழே போகக்கூடாது என்றிருந்தது. ஒரு தடவை சறுக்கினாலும் மீதி வருடங்களுக்கு முழுக் கட்டணம். தொலைபேசியில் அத்தனை இனிமையாகப் பேசியவர் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

நான் பேராதனைக்குப் போனேன். முதல் வருடத்தில் என் ஜீ.பி.ஏ. 3.5ஐ எட்டவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதை இப்போது எழுதக் காரணம் தம்பலகாமத்தில் இருக்கும் என் சித்தப்பாவின் மகள். 2024ஆம் ஆண்டுப் பரீட்சையில் மூன்று ஏ எடுத்தவள். நவம்பரில் தொடங்கிய அந்தப் பரீட்சை வெள்ளத்தால் இடையில் நின்று, டிசம்பரில் தொடர்ந்து, பெறுபேறு 2025 ஏப்ரலில் வந்தது. வந்த கிழமையே, "அண்ணா, எந்த இடத்தில் புலமைப்பரிசில் கூடத் தருவார்கள்?" என்று கேட்டாள். கேள்வியே பிழை என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

நம்மூரில் இதை யாரும் புலமைப்பரிசில் என்று அழைப்பதில்லை, ஆனால் மிகப் பெரியது அரச பல்கலைக்கழக அனுமதிதான். கற்பித்தலுக்குக் கட்டணமே இல்லை. மொறட்டுவை, பேராதனை, ருகுணு, ஸ்ரீ ஜயவர்தனபுர, கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடம், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எனப் பொறியியலுக்கு ஆறு வாசல்கள். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நமக்கென்று இருந்தும் அங்கே பொறியியல் பீடம் இல்லாதது என் தீராத மனக்குறை. இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் தகுதி அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீட்டிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகின்றன. அந்தப் பதினாறில் திருகோணமலையும் ஒன்று. ஆகவே கொழும்பு மாவட்டத்து வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயந்து தனியாரிடம் ஓடாதீர்கள். அரச பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கிடைக்கும் மகாபொல உதவித்தொகையின் மாதத் தவணையும் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆக 2025 வரவு செலவுத் திட்டத்தில் உயர்த்தப்பட்டது. அதை வைத்து மாதம் ஓட்ட முடியாதுதான், ஆனால் சாப்பாட்டுக் கடைக் கணக்கில் ஒரு பகுதி தீரும்.

அரச வழியின் ஒரே தொல்லை காத்திருப்பு. எனக்கு ஏறத்தாழ ஒரு வருடம் போனது. தங்க விளிம்புக் கடிதங்கள் அந்த இடைவெளியில்தான் வந்து சேர்கின்றன. வீட்டில் சும்மா இருக்கும் பிள்ளையைப் பார்த்து அயலவர்கள் கேள்வி கேட்கத் தொடங்கும் நேரம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த மாதங்களை வெளிநாட்டு விண்ணப்பங்களுக்குப் பயன்படுத்துவது எவ்வளவோ மேல்.

வெளிநாடு என்றதும் எல்லோரும் அமெரிக்காவைச் சொல்கிறார்கள். அங்கே இரண்டு வகை உதவி உண்டு: தகுதிக்குக் கொடுப்பது, தேவைக்குக் கொடுப்பது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஒரு வருடம் வீணாகும். எம்.ஐ.ரி. பல்கலைக்கழகம் தகுதிப் புலமைப்பரிசில் எதுவும் தருவதில்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் தருகிறது, வெளிநாட்டு மாணவருக்கும் அப்படியே. தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும் வண்டர்பில்ட்டும் முழுக் கற்பித்தல் கட்டணத்தையும் தகுதிக்காகவே விடும் புலமைப்பரிசில்கள் வைத்திருக்கின்றன. போட்டி கடுமை. அதைவிட நமக்குப் பெரிய இடறல் நாட்காட்டி. இப்படியானவற்றின் இறுதித் திகதிகள் பெரும்பாலும் நவம்பரிலும் டிசம்பரிலும் வருகின்றன, நம் பிள்ளை அப்போது இரசாயனவியல் வினாத்தாளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். பெறுபேறு கையில் வந்தபின் அடுத்த சுற்றுக்கு விண்ணப்பிப்பதுதான் நடைமுறை.

நம் கால அட்டவணைக்கு ஓரளவு ஒத்துவருவது யப்பான் அரசின் மெக்ஸ்ட் புலமைப்பரிசில். கொழும்பிலுள்ள தூதரகம் வழியாக, வழமையாக ஆண்டின் நடுப்பகுதியில் விண்ணப்பம் கோருவார்கள். பொறியியலுக்கு ஆங்கிலம், கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் உட்பட எழுத்துப் பரீட்சை. தெரிவானால் முதல் வருடம் யப்பானிய மொழி, பிறகு நான்கு வருடம் பட்டப்படிப்பு. கட்டணம் இல்லை, விமானச் செலவும் அவர்களுடையது, மாதம் 117,000 யென் கைக்கு வரும். இப்படியானதைத்தான் நான் தாராளம் என்பேன்.

தென்கொரியாவின் கைஸ்ட் பல்கலைக்கழகம் இன்னொன்று. இளமாணிப் படிப்புக்கு எடுக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கு எட்டு அரையாண்டுக்கும் கட்டணத்தை விட்டு, மாதம் 350,000 வொன் கொடுக்கிறார்கள். நிபந்தனை, ஜீ.பி.ஏ. 4.3க்கு 2.7. என்னைப் போன்றவனும் தாண்டக்கூடிய உயரம். என் பழைய கடிதத்தின் 3.5ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தாராளம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியும்.

இந்தியாவைப் பொறுத்தவரை, கொழும்பு இந்திய உயர்ஸ்தானிகராலயம் அறிவிக்கும் நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில் பொறியியலுக்கும் உண்டு. முழுக் கட்டணமும் மாதாந்தப் படியும் தருவார்கள். தமிழ்நாட்டுத் தனியார் கல்லூரி விளம்பரங்களில் மட்டும் அவதானம் தேவை. வேலூர் வி.ஐ.டி.யின் நுழைவுத் தேர்வில் முன்னணி இடங்களுக்குள் வருபவர்களுக்குக் கட்டணச் சலுகை என்பது உண்மைதான். ஆனால் அது அந்தத் தேர்வை எழுதுபவர்களுக்கு. வெளிநாட்டு மாணவர் பிரிவு வேறு, கட்டணமும் வேறு. சலுகையை ஒரு பக்கத்திலும் கட்டணத்தை இன்னொரு பக்கத்திலும் பார்த்துக் கணக்குப் போட்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

தமிழ் மொழிமூலத்தில் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பாடம் தெரியும், ஆங்கிலச் சொல் தெரியாது என்பதுதான் நம் சிக்கல். தங்கைக்கு "முடுக்கம்" தெரியும், "உந்தம்" தெரியும், ஆங்கில வினாத்தாளில் அவை வேறு உடை போட்டு வந்தால் திகைத்துவிடுவாள். மூன்று பாடங்களின் ஆங்கில மொழிமூலக் கடந்தகால வினாத்தாள்களை எடுத்து, தமிழ்த் தாளைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகச் செய்ய வைத்தேன். ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை வகுப்புக்குப் போவதற்கு முன் இதைச் செய்தால் காசு மிஞ்சும். பரிந்துரைக் கடிதத்துக்கும் யோசிக்க வேண்டாம். அவளுடைய இணைந்த கணித ஆசிரியர் தமிழிலேயே எழுதினார்: ஒரு நிகழ்தகவுக் கணக்கை அவள் கரும்பலகையில் தன்னைவிடச் சுருக்கமாகச் செய்து காட்டியதையும், அன்று வகுப்பு சிரித்ததையும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே ஆங்கிலமாக்கித் தந்தார். "கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர்" என்ற வழமையான கடிதத்தைவிட இது ஆயிரம் மடங்கு திறம்.

இப்போது அவளிடம் ஒரு கொப்பி இருக்கிறது. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பக்கம், பக்கத்தின் மேலே கழிக்கும் தொகைக்குப் பதிலாக நாங்கள் கட்ட வேண்டிய தொகை. தனியார் நிறுவனங்கள் மூன்றுக்கு மின்னஞ்சலில் மூன்று கேள்விகள் அனுப்பினாள்: நான்கு வருடமும் விடுதி உட்பட மொத்தச் செலவு எவ்வளவு, புலமைப்பரிசில் எந்தப் புள்ளியில் நிற்கும், நின்றால் மறுபடி கிடைக்குமா. ஒன்றிலிருந்து இரண்டாம் நாளே பதில் வந்தது, விரிவாக. இன்னொன்று, நேரில் வாருங்கள் பேசலாம் என்றது. மூன்றாவதிலிருந்து பதிலே இல்லை, விளம்பரம் மட்டும் வாரத்துக்கு இரண்டு தடவை வந்துகொண்டிருக்கிறது. பின்னைய இரண்டு பக்கங்களிலும் குறுக்கே கோடு போட்டுவிட்டு, மெக்ஸ்ட் பக்கத்தைத் திறந்து பழைய பௌதிகவியல் தாள் ஒன்றைச் செய்யத் தொடங்கினாள்.